ஓரத்து சீட்டே போதும்

ஏதாவது கச்சேரி அறிவிப்பு வந்துவிட்டால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிதடி ஆரம்பித்துவிடும். ராக் சோன் டிக்கெட்டா, விவிஐபியா, கேட்டகரி ஒன்னா, கேட்டகரி டூவா, யார் காடி எடுப்பது, முடிந்ததும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போவதா நேரே வீட்டுக்கா என்று விடிய விடிய ஓடும். நான் அதில் எப்போதும் ஒரே பதிலைத்தான் போடுவேன். மேடைக்குப் பக்கவாட்டில், கீழ் அடுக்கில், மேடைக்கு எவ்வளவு கிட்டே கிடைக்குமோ அவ்வளவு கிட்டே இருக்கிற மலிவான சீட். டிக்கெட் வரைபடத்தில் "பார்வை மறைக்கலாம்" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அதேதான். "அண்ணனுக்குக் காசு விட மனசில்ல" என்பாள் தங்கச்சி. அதுவும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது மட்டும் காரணம் இல்லை.

நேர் எதிரே உட்கார்ந்தால் பாடகர் நம்மைப் பார்ப்பது தெரியும். ஓரத்தில் உட்கார்ந்தால்தான் மேடையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது தெரியும். எனக்குக் கச்சேரியில் பிடித்ததே அதுதான். டிரம்ஸ்காரர் பேஸ் கிட்டார்காரரைப் பார்த்து லேசாக மோவாயை உயர்த்துவார், அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் ஒரே இடத்தில் டக்கென்று நிற்கும். கோரஸ் பெண்களில் ஒருத்தி மைக்கை விட்டு அரை அடி தள்ளி நின்று பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இருப்பாள், தன் வரி வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் முகத்தை மாற்றிக்கொண்டு மைக்குக்கு வந்து, சுருதி துளியும் பிசகாமல் ஒரு ஹம்மிங் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வாள். வயலின் வரிசையில் ஸ்டாண்டில் இருக்கும் நோட்டுத் தாள்கள் காற்றில் பறக்காமல் இருக்கத் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டியிருப்பார்கள், பச்சையும் சிவப்புமாக. இதெல்லாம் எல்இடி திரையில் வரவே வராது. திரையில் வருவது பாடகரின் முகம், பாடகரின் மோதிரம், மறுபடி பாடகரின் முகம்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது தாய்மாமாவால். மாமா கோலாலம்பூர் செந்தூலில் ஒரு இசைக்குழுவில் இருந்தார். தபேலா, காங்கோ, பிறகு ரிதம் பேட் வந்ததும் அதுவும். பகலில் வேறு வேலை, சனி ஞாயிறில் கல்யாண டின்னர், கோவில் திருவிழா, தோட்டத்துக் கலைநிகழ்ச்சி. ஸ்கூல் விடுமுறையில் என்னையும் தூக்கி வேனில் போட்டுக்கொள்வார். எனக்கு முன்வரிசையில் இடமெல்லாம் கிடையாது, மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வந்த காலிப் பெட்டி மேல் உட்கார வேண்டியதுதான். ஆக நான் பார்த்த முதல் கச்சேரிகள் எல்லாம் முதுகுப் பக்கத்துக் கச்சேரிகள். பாடகரின் சட்டை வியர்வையில் எப்படி ஒட்டுகிறது, கீபோர்டுக்காரர் பாட்டுக்கு நடுவில் எப்படி இடது கையால் தண்ணீர் குடிக்கிறார், கிட்டார் கம்பி அறுந்தால் மற்றவர்கள் எப்படி அந்தக் குழியை நிரப்புகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாட்டு வரிகள்தான் பாதி தெரியாது.

அந்தக் குழுவில் சைகைகள் இருந்தன. தலையில் கை வைத்தால் பல்லவிக்குத் திரும்பு. முஷ்டியை மூடினால் முடி. ஒரு விரலைச் சுழற்றினால் இன்னொரு தடவை. சாப்பாட்டுப் பந்தி இன்னும் தயாராகவில்லை என்று மண்டபத்துக்காரர் ஓடிவந்து சொன்னால், அந்த ஒரு விரல் சுழன்றுகொண்டே இருக்கும், நாலு நிமிடப் பாட்டு பத்து நிமிடம் ஓடும், உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் வேனில் திரும்பும்போது கேட்டேன், "பாடுறவர் கை அசைக்கிறதுக்கு முன்னாடியே எப்படி மாமா நிறுத்துறீங்க?" மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார், "கையைப் பார்த்தா லேட்டாயிடும்டா. கண்ணைப் பாரு."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சங்கீதப் பயிற்சி.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் மலேசியாவுக்கு எத்தனையோ முறை வந்து பாடியிருக்கிறார், எங்கள் வயதில் இருக்கும் பாதிப் பேருக்கு "நான் நேரில் பார்த்திருக்கிறேன்" என்று சொல்ல ஒரு கதை இருக்கும். அவர் மேடையில் அடிக்கடி செய்யும் ஒரு காரியம்தான் எனக்கு அவர் குரலுக்கு இணையாகப் பிடிக்கும். இடையிசையில் புல்லாங்குழலோ வயலினோ நன்றாக வந்துவிட்டால் அப்படியே அந்தப் பக்கம் திரும்பிவிடுவார், நமக்கு முதுகுதான் தெரியும். பாட்டு முடிந்ததும் வாசித்தவரைக் காட்டி அவருக்குக் கைதட்டச் சொல்வார். கைதட்டல் தனக்கு வந்துகொண்டிருக்கும்போது அதைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட எல்லோருக்கும் வராது. 2020 செப்டம்பர் 25ஆம் தேதி அவர் போனபோது கோவிட் காலம். மாமா அன்று போன் செய்து ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "சரிடா, சாப்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

சரி, பெரிய கச்சேரிகள் நடக்கிற ஸ்டேடியத்துக்கு வருவோம். கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கம் 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது. எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். பந்து பார்க்கக் கட்டிய இடத்தில் பாட்டுக் கேட்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. மேடையை ஒரு கோல் கம்பத்துப் பக்கம் போடுவார்கள். எதிர்க் கோடியில் உட்கார்ந்தால் நீங்கள் மேடையிலிருந்து 150 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறீர்கள். ஒலி நம் ஊர் வெப்பத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும், ஆகவே அங்கே அடித்த அடி உங்கள் காதுக்கு வர அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். கொஞ்சம் துள்ளலான பாட்டில், நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்தால், அது கிட்டத்தட்ட முழுசாக ஒரு தட்டு. திரையில் பாடகரின் வாய் முதலில் அசையும், பாட்டு பின்னாலேயே ஓடிவரும். தூரத்தில் இருப்பவர்களுக்கும் தெளிவாகக் கேட்கத்தான் மைதானத்தின் நடுவில் கோபுரம் கோபுரமாக இன்னொரு வரிசை ஸ்பீக்கர் நிறுத்தி, மேடையிலிருந்து வரும் சத்தத்தோடு சேருகிற மாதிரி அதைக் கணக்குப் பண்ணித் தாமதப்படுத்தி விடுவார்கள். சரியாகச் செய்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும். சரியாகச் செய்யாவிட்டால் ஒரே பாட்டை ரெண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும்.

ஆனால் கைதட்டலை யாராலும் தாமதப்படுத்திச் சரிசெய்ய முடியாது. "எல்லாரும் கை தட்டுங்க" என்று பாடகர் சொன்னதும் முன்னால் நிற்பவர்கள் தட்டுவார்கள், நடுவில் இருப்பவர்கள் தங்கள் காதுக்கு வந்ததற்கு ஏற்பத் தட்டுவார்கள், மேல் அடுக்குக்காரர்கள் இன்னும் பின்னால் தட்டுவார்கள், அந்தச் சத்தம் திரும்ப மேடைக்கு வரும்போது தாளம் என்று ஒன்று இருக்காது. ஓரத்தில் உட்கார்ந்தால் அப்போது டிரம்ஸ்காரரைப் பாருங்கள், அவர் கூட்டத்தைப் பார்க்கவே மாட்டார். காதில் மாட்டியிருப்பதை நம்பி, குனிந்த தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருப்பார்.

2023 ஜனவரி 28ஆம் தேதி ஏ.ஆர். ரஹ்மான் புக்கிட் ஜாலிலில் வந்து பாடிய இரவை இங்கே எல்லோரும் இன்னும் பேசுகிறார்கள். கோவிட் காலத்துக்குப் பிறகு அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்க்கவில்லை. ஸ்ரீ பெட்டாலிங் தடத்து எல்ஆர்டி ரயிலில் சாயங்காலத்திலிருந்தே நிற்க இடமில்லை. மல்லிகைப்பூ வைத்த அம்மாக்கள், ஜிப்பா போட்ட பையன்கள், காதை மூடும் ஹெட்போனோடு கைக்குழந்தை, ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து வந்த காலேஜ் கூட்டம். பக்கத்தில் நின்ற ஒரு மலாய்ப் பாட்டி தன் பேத்தியோடு வந்திருந்தார், அவருக்குப் பழைய தமிழ்ப் படப் பாட்டு எல்லாம் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாத ரெண்டாவது சரணம்கூட.

அந்த அளவு பெரிய நிகழ்ச்சிகளில் இன்று வாத்தியக்காரர்கள் காதுக்குள் ஒரு கிளிக் ஓடும். டிக் டிக் டிக் என்று. விளக்கும், திரையில் ஓடும் படமும், தீப்பொறியும், எல்லாம் அந்த ஒரே கடிகாரத்தில் கட்டிப்போட்டிருக்கும். அது ஓட ஆரம்பித்துவிட்டால் பாட்டு இத்தனை நிமிடம் இத்தனை நொடி, முடிந்தது. யாரும் யாரையும் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. குறை சொல்லவில்லை, அத்தனை ஆயிரம் பேர் நடுவில் வேறு எப்படி நடத்துவது? ஆனால் மாமாவைப் போன்றவர்களுக்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கும். அதனால்தான் பெரிய கச்சேரிகளில் நான் காத்திருப்பது அந்த ஒன்றிரண்டு பாட்டுக்காக, கிளிக்கை நிறுத்திவிட்டுப் பாடகரும் ஒரே ஒரு பியானோவும் மட்டும் இருக்கும் அந்த இடத்துக்காக. அப்போது பியானோக்காரர் தலையை நிமிர்த்துவார். பாடகர் ஒரு வார்த்தையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார், எப்போது விடுவார் என்று அவருக்கே தெரியாது, பியானோக்காரரின் விரல் கட்டைக்கு ஒரு அங்குலம் மேலே அந்தரத்தில் நிற்கும். அந்த ஒரு அங்குலத்துக்கு நான் கொடுத்த காசு சரி.

இளையராஜா இதில் வேறு ரகம். அவர் மேடையில் யாராவது தப்பாக எடுத்துவிட்டால் பாட்டையே நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார், ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சிலருக்கு அது சங்கடமாக இருக்கும். எனக்கு அது கச்சேரியிலேயே நல்ல இடம். எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும் என்று அப்போதுதான் நமக்கு உறைக்கும். இருபது வருடம் கேட்ட பாட்டில் அப்படி ஒரு வயலின் ஒளிந்திருந்தது தெரியாமலே கேட்டிருப்போம்.

ஓரத்து சீட்டில் ஆபத்தும் உண்டு. ஒரு தடவை, எந்த அரங்கம் எந்த ஏற்பாட்டாளர் என்றெல்லாம் வேண்டாம், போய் உட்கார்ந்தால் கண் முன்னால் விளக்குத் தாங்கும் இரும்புக் கோபுரம். மேடையின் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்குகூடத் தெரியவில்லை. அதற்கு மேல் நிகழ்ச்சி ரெண்டு மணி நேரம் தாமதம், பக்கத்து சீட்டு அங்கிள் கோபத்தில் எல்லோருடைய குலத்தையும் இழுத்துவிட்டார். தெரிந்தது என்னவென்றால் மேடையின் ஓரத்தில் கறுப்புத் துணிக்குப் பின்னால் ஒரு மிக்சர் மேசை, அதன் முன்னால் குட்டையான ஒருவர். மானிட்டர் இன்ஜினியர். நமக்குக் கேட்கும் சத்தத்தைக் கலப்பவர் மைதானத்தின் நடுவில் இருப்பார், இவர் மேடையில் இருப்பவர்களுக்குத் தங்கள் காதில் என்ன கேட்க வேண்டும் என்பதைக் கலப்பவர். அன்று முழுக்க நான் பார்த்தது அவரைத்தான். பாடகி காதைத் தொட்டு விரலை மேலே காட்டுவார், தன் குரல் போதவில்லை என்று. கிட்டார்காரர் டிரம்ஸ் பக்கம் காட்டி உள்ளங்கையைக் கீழே அழுத்துவார். இவர் ஒரு குமிழைத் தள்ளிவிட்டு, சரியா என்று கட்டைவிரலைக் காட்டிக் கேட்பார். பாடகி மக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பாட்டின் சோகத்தையும் விடாமல், இடது கையால் இவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "கேக்கல, கேக்கல, இன்னும்" என்று. கடைசியில் ஏதோ சரியானது, பாடகி கையை நெஞ்சில் வைத்து லேசாகக் குனிந்தார். எதிரே இருந்தவர்கள் அது தங்களுக்கு என்று நினைத்து விசில் அடித்தார்கள்.

ஸ்பீக்கரே இல்லாத இடம் பார்க்க வேண்டும் என்றால் இரட்டைக் கோபுரத்துக்குக் கீழே இருக்கும் சிம்பொனி அரங்கம், டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ். அதுவும் 1998இல் திறந்ததுதான். நம் ஆட்கள் அங்கே அதிகம் போவதில்லை, உடை விதி, தாமதமாக வந்தால் இடைவெளி வரும்வரை வெளியே நிற்க வேண்டும் என்பதெல்லாம் பயமுறுத்துகிறது. ஒரு தடவை போய்ப் பாருங்கள். பக்கவாட்டு பால்கனியில் உட்கார்ந்தால் இசைக்குழு நடத்துநரின் முகம் தெரியும், நேர் எதிரே இருப்பவர்களுக்கு அவர் முதுகு மட்டும்தான். வயலின்காரர்கள் ரெண்டு ரெண்டு பேராக ஒரு ஸ்டாண்டைப் பகிர்ந்துகொள்வார்கள். பக்கம் முடியும்போது உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்தித் தாளைத் திருப்புவார், வெளிப்பக்கம் இருப்பவர் நிறுத்தாமல் போவார். ஒருவர் கையை மற்றவர் பார்க்கவே மாட்டார். என்ன புரிதலோ. நான் போன அன்று கேட்ட சிம்பொனியின் பெயர் மறந்துவிட்டது, அந்தத் தாள் திருப்பல் மறக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பக்கம் போனால் வேறு உலகம். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய கலைப் பள்ளி. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே பரதமும் வீணையும் கற்றார்கள் என்று கணக்கே இல்லை. கர்நாடகக் கச்சேரிக்கு எங்கே உட்காருவது என்று யாராவது கேட்டால் எனக்கு ரொம்ப நேரம் பேச விஷயம் இருக்கிறது. வழக்கமாகப் பாடகருக்கு இடது கைப்பக்கம் வயலின், வலது கைப்பக்கம் மிருதங்கம், ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி. ஆக நமக்கு வலது பக்கம் உட்கார்ந்தால் மிருதங்கக்காரரின் முகம் தெரியும், இடது பக்கம் உட்கார்ந்தால் வயலின்காரரின் முகம். நான் எப்போதும் வலது.

கச்சேரிக்கு முன்னாலேயே போய்விடுங்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது இடது பக்கத்துத் தோலில், ரவையைத் தண்ணீரில் பிசைந்து ஒட்டுவார்கள். அதுதான் அந்தக் கும் என்ற கனமான நாதத்தைக் கொடுப்பது. எவ்வளவு ரவை, எவ்வளவு ஈரம் என்பதெல்லாம் கை சொல்கிற கணக்கு. வலந்தலைப் பக்கம், அதாவது வலது பக்கம், வாரைக் கட்டையாலும் கல்லாலும் ஒரு தட்டு, காதைச் சாய்த்துக் கேட்பது, இன்னொரு தட்டு. வெளியே மழை வரப்போகிற புழுக்கத்திலிருந்து கொண்டுவந்து ஏர்கான் குளிரில் வைத்தால் தோல் சும்மா இருக்குமா? சேர்த்த சுருதி அரை மணியில் நழுவிவிடும். ஒருநாள் அங்கே ஒரு இளம் மிருதங்கக்காரர், இங்கேயே பிறந்து வளர்ந்த பையன், பாடகர் ஆலாபனையில் இருக்கும்போது மெல்லத் துண்டால் மூடிக்கொண்டு கல்லை எடுத்துத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான். பாடகர் கண்ணை மூடியிருந்தார். வயலின்காரர் மட்டும் பார்த்துவிட்டு, தன் முறை வந்ததும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக வாசித்து அவனுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார். சபையில் எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது. பிறகு மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு வயலின்காரரே தாளம் போட்டார், ஒவ்வொரு தீர்மானத்துக்கும், அதாவது முடிப்புக்கும், தலையை ஆட்டிக்கொண்டு. பையனின் அம்மா எனக்கு முன் வரிசையில் இருந்தார், கைதட்டாமல் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி.

பினாங்கு நண்பர்கள் கோபித்துக்கொள்வதற்குள் அங்கேயும் போய்விடுகிறேன். பினாங்கு என்றால் பாட்டு விஷயத்தில் முதலில் சொல்ல வேண்டியது ஆலிகேட்ஸ் இசைக்குழு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், பினாங்குச் சகோதரர்கள், பந்து போன்ற ஆப்ரோ முடி, பாடியது மலாயில். நம் ஆட்கள் ரெண்டு பேர் இந்த நாட்டின் எல்லா வீட்டு ரேடியோவிலும் மலாய்க் காதல் பாட்டு பாடினார்கள் என்பதைச் சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். என் அம்மாவுக்குத் தமிழ்ப் பாட்டைவிட அந்தப் பாட்டுகள் நன்றாகத் தெரியும், சமைத்துக்கொண்டே பாடுவார். லோகநாதன் 2007இல் இறந்துவிட்டார், டேவிட் அதற்குப் பிறகும் மேடை ஏறிக்கொண்டுதான் இருந்தார். அண்ணன் தம்பி சேர்ந்து பாடிய பாட்டில் ஒருவர் மட்டும் நின்று பாடும்போது பக்கத்து மைக்கின் இடம் காலியாக இருக்கிறதே, அதைக் காதால் கேட்க முடியும்.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ராப் பாடும் யோகி பியும் நட்சத்திரா குழுவும் 2006இல் வல்லவன் ஆல்பம் போட்டபோது சென்னையே திரும்பிப் பார்த்தது. நமக்கு யோகி பி அதற்கு முன்பே பழக்கம், பொயடிக் அம்மோ குழுவில் இருந்த காலத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என்று நாலு மொழியிலும் கூட்டாளிகளோடு போட்டுத் தாக்கியவர். ராப்பில் என்ன பார்க்க இருக்கிறது என்று மாமா கேட்பார். இருக்கிறது. மூன்று பேர் மேடையில் அலைந்துகொண்டே இருப்பார்கள், ஒருவர் மூச்சு முடியப்போகிறது என்பதை இன்னொருவர் தோளைப் பார்த்தே பிடித்து, வரியின் கடைசிச் சொல்லை அவர் சேர்ந்து சொல்ல, அந்த இடைவெளியில் முதல் ஆள் மூச்சு வாங்கிக்கொள்வார். மாமாவுக்கு யூடியூபில் காட்டினேன். "பரவாயில்லயே, நம்ம வேலதான்" என்றார்.

அப்புறம் தைப்பூசம். அது கச்சேரியா என்று கேட்காதீர்கள், பினாங்கில் தண்ணிமலை ஏறியவர்களிடம் கேளுங்கள். முதல் நாள், செட்டிப் பூசத்தன்று, லிட்டில் இந்தியாவிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும், 2017லிருந்து தங்க ரதமும் உண்டு, வழிநெடுக மலையாகக் குவித்த தேங்காய், சீனர்கள்தான் அதிகம் உடைப்பார்கள். மறுநாள் காவடி. உறுமி மேளம் இந்த நாட்டுப் பையன்களின் சொந்த வாத்தியம் மாதிரி ஆகிவிட்டது, ஊருக்கு ஊர் குழு, குழுவுக்குக் குழு சட்டை. உறுமியில் ஒரு பக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அடிப்பது இல்லை. அந்தத் தேய்ப்பில்தான் வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல் எழும். தூரத்தில் கேட்டால் சும்மா சத்தம். ரெண்டடி பக்கத்தில் நின்றால் நெஞ்செலும்பு அதிரும்.

அங்கே நான் காவடியைப் பார்ப்பதைவிட உறுமிக்காரப் பையனைத்தான் பார்ப்பேன். வாட்டர்ஃபால் ரோட்டில் ஒரு வளைவில், தார் கொதிக்கிற வெயிலில், காவடி எடுத்த அண்ணன் கால் தளர்ந்து நின்றுவிட்டார். சுற்றி நிற்பவர்கள் வேல் வேல் என்று கத்துகிறார்கள், யாரோ காலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், எலுமிச்சம்பழம் நறுக்குகிறார்கள். குழுத் தலைவன் பதினெட்டு பத்தொன்பது வயது இருக்கும், குச்சியை மெதுவாக்கினான். மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள், அவன் அந்த அண்ணனின் பாதத்தை மட்டும் பார்த்தான். கட்டைவிரல் லேசாகத் தரையை அழுத்தியது. அதற்கு ஒரு அடி. குதிகால் எழும்பியது, அதற்கு இன்னொரு அடி. கால் எப்படிப் போகிறதோ மேளம் அப்படி, பிறகு எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை, மேளம் எப்படிப் போகிறதோ கால் அப்படி. வளைவைத் தாண்டி மேட்டில் ஏறிவிட்டார். பையன் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்துப் புருவத்தை ஒரு தூக்குத் தூக்கினான், மொத்தக் குழுவும் வேகம் எடுத்தது. புக்கிட் ஜாலில் டிரம்ஸ்காரருக்குக் காதில் ஓடுகிற கிளிக் இவனுக்குத் தரையில் இருந்தது.

சத்தம் அதிகம், பொது ஒழுங்கு கெடுகிறது, சினிமாப் பாட்டு போடுகிறார்கள் என்று தண்ணீர்ப் பந்தல் ஸ்பீக்கர்களைப் பற்றி அடிக்கடி ஒரு சண்டை வரும். பந்தலில் சுவர் மாதிரி அடுக்கிய ஸ்பீக்கரைப் பற்றி நானும் புகார் சொல்வேன், பக்கத்தில் வருகிற உறுமியை அது கொன்றுவிடுகிறது. உறுமியைப் பற்றிப் புகார் சொல்பவர்களோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

மாமா இப்போது அதிகம் வாசிப்பதில்லை, முழங்கால் வலி. போன வருடம் கிள்ளானில் சொந்தக்காரர் கல்யாண டின்னர். மேடையில் இளம் பையன்கள் குழு, லேப்டாப், ரெண்டு கீபோர்டு, ஒரு கிட்டார், பெட்டி மாதிரி மேலே உட்கார்ந்து தட்டும் ஒரு காஹோன். நாங்கள் உட்கார்ந்த வட்ட மேசை மேடைக்குப் பக்கவாட்டில், அது தற்செயல் இல்லை, மாமா வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு இடம் மாற்றிக்கொண்டார். மூன்றாவது வகைச் சாப்பாடு வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், நான் பாடுவேன் என்று பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடை ஏறிவிட்டார். என்ன கட்டை என்று பையன்கள் கேட்க நேரம் கொடுக்கவில்லை, மைக்கைப் பிடுங்கி அவர் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டார். பாட்டு இருக்க வேண்டிய இடத்தைவிட ரொம்பக் கீழே. கிட்டார் பையன் கையை எடுத்துவிட்டான். கீபோர்டுப் பையன் ரெண்டு கட்டையை அழுத்திப் பார்த்தான், தலையை ஆட்டினான், சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒன்று, இரண்டு, மூன்று என்று கீழே தட்டினான், தட்டிக்கொண்டே காஹோன் பையனைப் பார்த்தான். அவன் அத்தையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல்லவியின் ரெண்டாவது வரியில் மூன்று பேரும் ஒன்றாக உள்ளே விழுந்தார்கள். அத்தைக்கு ஒன்றுமே நடந்ததாகத் தெரியாது, அவர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார். முன்னால் மேசைகளில் எல்லோரும் இறாலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மேசை விளிம்பில் விரலால் தாளம் போட்டார். சரணத்துக்குப் போகும் இடத்தில் அத்தை ஒரு வரியை மறந்துவிட்டுத் திணற, காஹோன் பையன் கையை உயர்த்தி ஒரு விரலைச் சுழற்றினான்.

"பாத்தியாடா?" என்றார் மாமா, என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "பார்த்தேன் மாமா." "அந்தப் பையன் நம்பர் வாங்கி வை. அடுத்த வருசம் உன் தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசம் இருக்கு."

வாங்கி வைத்திருக்கிறேன். தங்கச்சிதான் டிஜே போதும் என்று அடம்பிடிக்கிறாள்.